மூளை இரத்தக்குழாய் இறுக்கம்: நரம்புவழிக் கட்டுப்பாடு

மூளைத் தமனிகளின் சுவரிலுள்ள மென்தசை எந்த அளவுக்குச் சுருங்கி நிற்கிறதோ அதுவே அவற்றின் இறுக்கம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதனால் இந்த இறுக்கம் சற்றே பிசகினாலும் மயக்கம், தலைவலி, பக்கவாதம் என்று போய் முடியலாம். இதில் நரம்புகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி முக்கால் நூற்றாண்டு இழுபறியில் கிடந்தது.

மூளை வேலைசெய்யும்போது உண்டாகும் வேதிப்பொருள்களே குழாய்களை விரிக்கின்றன என்று 1890இல் ராயும் ஷெரிங்டனும் எழுதினர். மூளைக் குழாய்களை இயக்கும் நரம்பே கிடையாது என்று 1896இல் லியோனார்ட் ஹில் அடித்துச் சொன்னார். 1928இல் ஃபோர்ப்ஸும் உல்ஃபும் பூனையின் மண்டையோட்டில் கண்ணாடிச் சாளரம் பொருத்தி, கழுத்திலுள்ள பரிவு நரம்பைத் தூண்டிப் பார்த்தனர். மூளையின் மேற்பரப்புத் தமனிகள் சுருங்கின, ஆனால் கொஞ்சம்தான். அந்தக் ‘கொஞ்சம்’ இரு தரப்புக்கும் வாதமாயிற்று. முகநரம்பின் வழியே வந்து குழாயை விரிக்கும் இழைகளை 1932இல் ஹோரோப்ஸ்கியும் பென்ஃபீல்டும் விவரித்தனர்.

இழுபறியைத் தீர்க்க உதவிய மருந்துகளில் ஒன்றுக்குக் கொச்சியோடு பழைய உறவு உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் கொச்சியிலிருந்து தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மூலிகைகளை இனங்கண்டு சொன்னவர்கள் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்ற கொங்கணி வைத்தியர்களும். ஆறாம் தொகுதியில் ‘சுவன்ன அமல்பொடி’ என்று மலையாளப் பெயரோடு படமாகியிருக்கும் செடிதான் சர்ப்பகந்தி. அதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் உலகறியச் செய்தார்; 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது.

நரம்பு முனையிலுள்ள நுண்பைகளில் நார்அட்ரீனலினும் செரட்டோனினும் சேராதபடி ரிசர்பின் தடுக்கிறது, சேமிப்பு தீர்ந்துபோகிறது. ஃபார்மால்டிஹைடு ஆவி பட்டால் நார்அட்ரீனலின் பச்சையாக ஒளிரும் என்பதை 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் கண்டறிந்தனர். அந்த முறையில் 1967இல் நீல்சனும் ஓமனும் பூனையின் மூளைத் தமனிகளைச் சுற்றிப் பச்சை இழை வலையைக் கண்டனர். கழுத்தின் மேல் நரம்புமுடிச்சை அகற்றியதும் பச்சை மறைந்தது. இத்தகைய இழைகளை ரிசர்பினும் ஒளியிழக்கச் செய்யும். ஹில் சொன்னது தவறு என்று ஆயிற்று. ஆனால் முழுத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. சாதாரண நேரத்தில் கரியமிலவாயுவும் உள்ளூர் வேதிப்பொருள்களுமே பெரிதும் ஆள்கின்றன. இரத்த அழுத்தம் திடீரென எகிறும்போதுதான் பரிவு நரம்பு தமனியை இறுக்கி, நுண்குழாய்களைக் காக்கிறது. எதிர்ப்புறம் துணைப்பரிவு இழைகள் அசிட்டைல்கோலின், நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றால் குழாயை விரிக்கின்றன.

ஒற்றைத்தலைவலி நோயாளிகளுக்கு ரிசர்பின் தலைவலியைக் கிளப்பியதும், சிரைவழி ஏற்றிய செரட்டோனின் அதைத் தணித்ததும் 1960இல் பதிவாயின. செரட்டோனின் ஏற்பிகளைக் குறிவைக்கும் சுமாட்ரிப்டான் 1990களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. முகத்தின் முக்கிளை நரம்பு வெளிவிடும் சிஜிஆர்பி என்ற பெப்டைடு மிக வலிய குழாய்விரிப்பான். அதன் ஏற்பியை மறிக்கும் எரெனுமாப் ஊசிக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிக்குக் காரணம் குழாய் விரிவதா, நரம்பு கிளர்வதா என்ற சர்ச்சை மட்டும் ஓயவில்லை.