கழுவியது யாருக்காக?

திண்டுக்கல் சமவெளியில் களைக்கொல்லி அடித்த டேங்கை அரைகுறையாக அலசிக் கொட்டகையில் மாட்டினால், அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதை முந்தைய மருந்துகள் பழக்கிய பழக்கம் என்றே நான் எண்ணுகிறேன். 1885இல் பிரான்சின் மில்லார்டே அறிவித்த போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. டேங்கில் மிஞ்சினால் உலோகத்தை அரிக்கும், நாசிலை அடைக்கும். அன்று கழுவியது பம்புக்காகத்தான். பின்னால் வந்த பூச்சிமருந்துகளும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றவில்லை.

மாற்றியது 1940களில் சந்தைக்கு வந்த 2,4-டி. மக்காச்சோளத்தை விட்டுவிட்டு அகன்ற இலைக் களையைக் கொல்லும். பருத்திக்கும் தக்காளிக்கும் திராட்சைக்கும் அதுவே எமன். சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சையும் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் விளைகிற மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. டேங்கில் ஒட்டிய மிச்சம் பட்டாலே பருத்தி இலை வெண்டை இலைபோல விரல் விரலாகப் பிரியும். வைரஸ் நோயென்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து அடிப்பார்கள்! மூன்று தடவை தண்ணீரில் அலசினால் போதாதா என்பார்கள். பல மருந்துகளுக்குப் போதும். 2,4-டியின் எஸ்டர் வகை ரப்பர் ஹோஸிலும் வாஷரிலும் ஊறி நிற்கும். அதற்கு அம்மோனியா கலந்த நீரை ஹோஸ், நாசில் வரை ஏற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் நல்ல தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அலசிய நீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைப்பதே மேல். சிறு விவசாயிக்கு அது செலவுதான், ஆனால் ஒரு பருத்திக் காடு கருகுவதைவிடக் குறைவு. வாடகைக்கு எடுக்கும் டேங்கில்தான் சிக்கல்: நேற்று அதில் என்ன அடித்தார்கள் என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.