‘சோல்டு’ போர்டை நம்பாதீங்க! மான்செஸ்டரில் வீடு வாங்குவது எப்படி?

“உங்க ஆஃபரை ஓனர் ஏத்துக்கிட்டாங்க” என்று எஸ்டேட் ஏஜென்ட் போன் செய்வார். வாசலில் ‘சோல்டு’ போர்டு ஏறிவிடும். உடனே ஊருக்கு வீடியோ கால் போட்டு, அம்மாவிடம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. இங்கிலாந்து சட்டப்படி அந்த நிமிடத்தில் உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம்ம ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ஒரு அக்ரிமென்ட் போட்டுவிட்டால், வீட்டுக்காரரை ஓரளவு கட்டிப்போட்டுவிடலாம். இங்கிலாந்தில் அட்வான்ஸ் என்ற பேச்சே கிடையாது. வீடு, நிலம் சார்ந்த ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 1989-ம் ஆண்டுச் சட்டம். அந்த ஒப்பந்தத்தை இருதரப்பு வக்கீல்களும் பரிமாறிக்கொள்ளும் நாளுக்குப் பெயர் ‘எக்ஸ்சேஞ்ச்’. ஆஃபர் ஏற்கப்பட்ட நாளுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே சாதாரணமாக மூன்று நான்கு மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் வேறொருவர் 5,000 பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று வந்தால், வீட்டுக்காரர் தாராளமாக அவர் பக்கம் சாயலாம். இதற்கு ‘கஸம்பிங்’ என்றே ஒரு பெயர் உண்டு. நீங்களும் அப்படிப் பாதியில் விலகலாம். ஆனால் வக்கீலுக்கும் சர்வேயருக்கும் அதுவரை கொடுத்த பணம் போனது போனதுதான்.

அதனால் முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்ற வரிசை தெரிந்திருப்பது முக்கியம். மான்செஸ்டரை வைத்தே பார்க்கலாம். ஐ.டி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று நம்மவர்கள் நிறைய பேர் வேலை பார்க்கும் நகரம். லண்டனோடு ஒப்பிட்டால் விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஊர் வீடு உங்கள் வரியை மாற்றும்!

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலருக்கும் கடைசி நேரத்தில் வயிற்றைக் கலக்குவது இந்த விஷயம்தான்.

வீடு வாங்கும்போது ‘ஸ்டாம்ப் டூட்டி’ கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரையிலான பகுதிக்கு 2 சதவிகிதம், அதையும் தாண்டி 9,25,000 வரைக்கும் 5 சதவிகிதம். முதன்முறையாக வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டு: 3,00,000 பவுண்டு வரை வரியே இல்லை. வீட்டின் விலை 5,00,000-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் ‘முதன்முறை’ என்பதற்கு அர்த்தம் இங்கிலாந்தில் முதன்முறை என்பதல்ல. உலகத்தில் எங்கேயுமே வீடு வாங்கியிருக்கக் கூடாது. வாரிசாக வந்திருந்தாலும் கணக்குதான். மதுரையில் தாத்தா வீட்டில் உங்களுக்கு ஒரு பங்கு எழுதியிருந்தால், சலுகை போச்சு. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இருவருமே அந்தத் தகுதியோடு இருக்க வேண்டும்.

இதோடு நிற்பதில்லை. வேறெங்காவது 40,000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடோ, வீட்டுப் பங்கோ இப்போதும் உங்கள் பெயரில் இருந்தால், மொத்த விலைக்கும் கூடுதலாக 5 சதவிகிதம் கட்ட வேண்டியிருக்கும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை ஒரே அலகாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே மனைவி பெயரில் சோழிங்கநல்லூரில் ஃபிளாட் இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். வெறும் மனை என்றால் இந்தக் கணக்கில் வராது.

2,80,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதன்முறை வாங்குபவருக்கு வரி பூஜ்யம். சலுகை இல்லாதவருக்கு 4,000 பவுண்டு. ஊரில் ஃபிளாட் வைத்திருப்பவருக்கு 18,000 பவுண்டு! ஒரே வீடு, ஒரே விலைதான். ‘இந்தியாவுல இருக்கறது இவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது’ என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள். அது வரி ஏய்ப்பு. விசாவில் இருப்பவர் அந்த விளையாட்டுக்கே போக வேண்டாம். வாரிசுப் பங்குக்குச் சில விதிவிலக்குகள் இருப்பதால், வீடு தேடுவதற்கு முன்பே வக்கீலிடம் ஊர் சொத்து விவரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கடனும் அப்பா அனுப்பும் பணமும்

வெளிநாட்டவர் வீடு வாங்க அங்கே தடை இல்லை. கடன் வாங்குவதில்தான் விஷயம். குறைந்தது 5 அல்லது 10 சதவிகிதம் கையில் இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவரிடம் சில வங்கிகள் கூடுதல் டெபாசிட் கேட்கும், விசாவில் எத்தனை மாதம் மீதி என்றும் பார்க்கும். வங்கிக்கு வங்கி விதி மாறுவதால், விசா கேஸ்களைப் பார்த்துப் பழகிய மார்ட்கேஜ் புரோக்கரிடம் போவது நல்லது.

ஒரு சின்ன டிப்ஸ். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், முறையான விசாவில் அங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஓட்டு போடுவது ஒருபக்கம் இருக்கட்டும், முகவரியை உறுதிசெய்ய உதவுவதால் உங்கள் கிரெடிட் ஸ்கோருக்கும் அது நல்லது.

அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்புகிறார் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று வக்கீலும் வங்கியும் துருவித் துருவிக் கேட்பார்கள். நிலம் விற்ற பணமா? பத்திரம் காட்டுங்க. ஃபிக்ஸட் டெபாசிட்டா? ஸ்டேட்மென்ட் காட்டுங்க. ‘இது கடன் இல்லை, அன்பளிப்பு, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்ப முடியும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ் பிடிக்கும். பிறகு வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அந்த நேரத்தில் கையில் பணம் குறையும். எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின வாரம் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

லீஸ்ஹோல்டா, ஃப்ரீஹோல்டா?

மான்செஸ்டரில் வீடு பார்க்கும்போது, எத்தனை பெட்ரூம் என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஃப்ரீஹோல்டு என்றால் நிலமும் வீடும் உங்களுக்கு. லீஸ்ஹோல்டு என்றால் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் உரிமை. இங்கிலாந்தில் ஃபிளாட்கள் பெரும்பாலும் லீஸ்ஹோல்டுதான். ஆனால் வடமேற்கு இங்கிலாந்தில் தனி வீடுகளிலும் லீஸ்ஹோல்டு நிறைய. 999 வருட லீஸ், வருடத்துக்குச் சில பவுண்டு நில வாடகை என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஃபிளாட்டில் 80 வருடத்துக்குக் கீழே மீதி இருந்தால் உஷார். லீஸை நீட்டிக்க நிறைய செலவாகும், வங்கிகளும் தயங்கும்.

ஃப்ரீஹோல்டு வீட்டிலும் மான்செஸ்டர் பக்கம் ஒரு விநோதம் உண்டு. ‘சீஃப் ரென்ட்’ என்று யாரோ ஒருவருக்கு வருடத்துக்குச் சில பவுண்டு கட்டும் பழைய ஏற்பாடு அது. 1977-ம் ஆண்டுச் சட்டப்படி இதில் பெரும்பாலானவை 2037-ல் முடிவுக்கு வருகின்றன. தொகை சின்னதுதான், ஆனால் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நகர மையத்தில் இருக்கும் உயரமான ஃபிளாட்கள் போட்டோவில் அசத்தலாக இருக்கும். சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, சில வருடங்களாக எப்படி ஏறியது, வெளிச்சுவர் தீப்பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்காமல் ஆஃபர் போடாதீர்கள். க்ரென்ஃபெல் டவர் விபத்துக்குப் பிறகு, அந்தச் சான்று இல்லாத ஃபிளாட்டை விற்பதே பலருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கிரேட்டர் மான்செஸ்டர் என்பது பத்து கவுன்சில்கள் சேர்ந்தது. அதில் டிராஃபோர்டில் நுழைவுத்தேர்வு வைக்கும் அரசு கிராமர் ஸ்கூல்கள் உண்டு. ஆல்ட்ரிங்கம், சேல் பகுதிகளில் விலை எகிறி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைக்கு இப்போது ஒரு வயதுதான் என்றால், அதற்காக இன்றே அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

பத்திர ஆபீஸ் இல்லை, கைரேகை இல்லை

இங்கே வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பது போல, அங்கே ஹெச்.எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டின் பதிவையும் பார்க்கலாம். ஓனர் யார், வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இந்தச் செலவை ஆஃபருக்கு முன்பே செய்யுங்கள். எஸ்டேட் ஏஜென்ட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவருக்குக் கமிஷன் கொடுப்பது விற்பவர். அவர் உங்கள் ஆள் இல்லை!

ஆஃபர் ஏற்கப்பட்டதும், ‘இனி வேறு யாருக்கும் காட்டாதீங்க, விளம்பரத்தை எடுத்துடுங்க’ என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து சர்வே. வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. உங்களுக்கென்று ஆர்.ஐ.சி.எஸ் உறுப்பினரான சர்வேயர் வேண்டும். சிவப்புச் செங்கல்லில் வரிசையாக நிற்கும் விக்டோரியா காலத்து வீடு என்றால் விரிவான ‘லெவல் 3’ சர்வேயே சரி. ஈரம், கூரை, சுவர் விரிசல் பற்றி அறிக்கையில் வருவதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். என்னைக் கேட்டால், சர்வே முடிவு வந்த பிறகே மற்ற செலவுகளுக்கு வக்கீலுக்குப் பச்சைக்கொடி காட்டலாம்.

வக்கீல் அதன்பின் கவுன்சில், குடிநீர், வடிகால் விவரங்களை வாங்குவார். இந்தப் பகுதி பழைய நிலக்கரி பூமி என்பதால், வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்களா என்றும் தேட வேண்டியிருக்கும். விற்பவர் ஒரு படிவத்தில் திரைச்சீலை, அடுப்பு வரை எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று எழுதிக்கொடுப்பார். நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்கு விற்பவர் இன்னொருவரிடம் வாங்குவார், அவர் வேறொருவரிடம் வாங்குவார். இந்தச் ‘செயினில்’ ஒருவர் கழன்றாலும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். செயின் இல்லாத வீடு கிடைத்தால் பாதித் தலைவலி குறைவு.

எல்லாம் சரியென்றால் எக்ஸ்சேஞ்ச். பெரிய சடங்கெல்லாம் இல்லை. இரண்டு வக்கீல்களும் போனில் பேசித் தேதியை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த போன் காலுக்குப் பிறகு பின்வாங்கினால் வழக்கமாக விலையில் 10 சதவிகிதமான டெபாசிட்டை இழப்பீர்கள். பொதுவாக அன்றே வீட்டின் பொறுப்பும் உங்கள் தலையில் வந்துவிடும் என்பதால், கட்டட இன்ஷூரன்ஸ் அன்றிலிருந்தே தொடங்க வேண்டும். வக்கீலின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த நம்பருக்கு போன் செய்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். வாழ்நாள் சேமிப்பை இப்படி ஒரே மெயிலில் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்கு வீடியோ கால் போட வேண்டியது எக்ஸ்சேஞ்ச் முடிந்த அன்று. சாவி வருவது ‘கம்ப்ளீஷன்’ நாளில், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில். அன்றிலிருந்து 14 நாளுக்குள் வக்கீல் ஸ்டாம்ப் டூட்டியைக் கட்டிவிட்டாரா என்று கேளுங்கள். பால் காய்ச்சுவதற்கு முன் கேஸ், மின்சார மீட்டர்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓனரின் பில் உங்கள் பெயரில் வராமல் இருக்கும்.