சங்கு அறுத்த வாளும் மெருகேற்றிய மணலும்

மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் வெண்சங்கு, கடலிலிருந்து கரைக்கு வரும்போது வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓடு முழுவதையும் போர்த்தியிருக்கும். தோலின் மேல் பாசியும் கடற்புழுக்கள் கட்டிய சுண்ணக் குழல்களும் ஒட்டியிருக்கும். சதை அழுகி வெளியேறி, தோல் உரிந்து, ஓடு அறுபட்டு, மணலிலும் கல்லிலும் உரசப்பட்ட பிறகே கோயிலிலும் மணவீட்டிலும் காணும் வெண்மை பிறக்கிறது. இந்த அறுப்பு வேலையும் மெருகு வேலையும் ஒரு காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்திலேயே நடந்தன. பின்னர் பல நூற்றாண்டுகளாகச் சங்கைக் குளித்து எடுப்பது தூத்துக்குடிக் கரையின் தொழிலாகவும், அதை வளையலாக்கி மெருகேற்றுவது வங்காளத்தின் தொழிலாகவும் பிரிந்தன. கடலடிக்குப் போய் வந்த உழைப்பைவிட மெருகேற்றிய கைக்கே சங்கின் விலையில் பெரும்பங்கு சேர்ந்தது. இந்தக் கரையின் பொருளியல் வரலாற்றில் முத்துக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பகுதிகூட இந்தப் பிரிவுக்குக் கிடைக்கவில்லை.

அறிவியலில் டர்பினெல்லா பைரம் எனப்படும் இந்தச் சங்கு மணற்பாங்கான கடலடியில் புழுக்களைத் தின்று வாழ்வது. முத்துச்சிப்பிக்குப் பற்றிக்கொள்ளப் பாறைத் தளம் வேண்டும். அந்தத் தளங்களைக் கரையோர மக்கள் பார் என்பர். பார்களுக்கு இடையே உள்ள மணல்வெளியே சங்கின் இடம். முத்துக்குளிப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிப்பி விளைந்தால் மட்டும் நடந்தது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சங்குக்குளிப்போ ஆண்டுதோறும் கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் நடந்தது. கடலில் குளிக்கும் பரதவர் குடும்பங்களுக்குச் சோறு போட்டது பெரும்பாலான ஆண்டுகளில் சங்குதான்.

சங்கு ஓடு அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஆனது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 3.5 முதல் 4 வரை நிற்கும். சாதாரண ஆற்றுமணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7; ஆகவே மணல் சங்கைத் தேய்க்கும். ஆனால் அரகோனைட் படிகங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கடுக்காய் அமைந்திருப்பதால் ஓடு எளிதில் பிளப்பதில்லை, உளிக்கும் நேராக உடைவதில்லை. இதை அறுத்துத்தான் பிரிக்க வேண்டும், உரசித்தான் வழவழப்பாக்க வேண்டும். தொழிலின் கருவிகள் அனைத்தும் இந்த இரண்டு தேவைகளிலிருந்தே வந்தன.

கரையில் இத்தொழில் நடந்ததற்கு மறுக்க முடியாத சான்று கொற்கை. பாண்டியரின் துறைமுகமாக இருந்து, இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. உள்ளே தள்ளிக் கிடக்கும் சிற்றூர் அது. கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸ் கூறும் கொல்கை இதுவே என்று அடையாளம் காட்டி அங்கே தோண்டிப் பார்த்தவர் பிஷப் கால்டுவெல். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. அங்கு கிடைத்த கரியின் ரேடியோ கார்பன் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டது. சங்க நூல்களும் இதையே காட்டுகின்றன. அகநானூற்றின் 24ஆம் பாட்டு, வேள்வி செய்யாத பார்ப்பனர் வாளரம் கொண்டு வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்குக் கழிவை உவமையாக்குகிறது. மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவின் தொழிலாளர் வரிசையில் சங்கை அறுத்துக் கடைபவருக்கும் இடம் தருகிறது. கழிவை உவமையாக ஆள வேண்டுமானால் கேட்போர் அதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். பட்டறைகள் ஊருக்கு நடுவே, தெரு ஓரத்தில் இருந்திருக்கின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பட்டறைக் கழிவைத் தொழில்நுட்பச் சான்றாக வாசித்தவர் ஜேம்ஸ் ஹார்னல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து, சங்குக் குளிப்புகளின் கண்காணிப்பாளராகத் தூத்துக்குடியில் பணியாற்றியவர். பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானவர். இந்தியச் சங்கைப் பற்றி 1914இல் அவர் எழுதிய நூல் இன்றும் இத்துறையில் அடிப்படை நூல். கொற்கை மணலில் அவர் பொறுக்கிய துண்டுகளில் வாள் ஓடிய கீற்றுகள் இருந்தன. டாக்கா பட்டறைகளில் தம் காலத்தில் நடந்த அறுப்பையும் அவர் நேரில் கண்டு எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொற்கையில் கைவிடப்பட்ட வேலை கங்கைச் சமவெளியில் உயிரோடு இருப்பது தெரியும். இன்னும் பழைய தடமும் உண்டு. குஜராத்தின் நாகேஸ்வர், கராச்சி அருகே உள்ள பாலாகோட் ஆகிய சிந்துவெளி ஊர்களில் இதே சங்கு வெண்கல வாளால் அறுக்கப்பட்டதைத் தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் ஆராய்ந்து காட்டியுள்ளார்.

டாக்காவின் ஷங்காரி பஜாரிலும் பாங்குரா மாவட்டத்தின் விஷ்ணுபூரிலும் நடந்த வேலைமுறையைக் கொண்டே கொற்கையின் வேலைமுறையையும் ஊகிக்க முடிகிறது. முதலில் சங்கின் கூர்முனையைச் சுத்தியலால் தட்டி, உள்ளே திருகிச் செல்லும் நடுத்தண்டைப் பிரித்து எடுப்பர். தண்டு போனபின் எஞ்சும் வயிற்றுப் பகுதியே வளையலுக்கு உரியது. அறுப்பவர் தரையில் கால் நீட்டி அமர்ந்து, பாதங்களுக்கிடையில் சங்கை இறுக்கிப் பிடிப்பார். பிறைவடிவிலான கனமான வாளை இரு கையாலும் பிடித்து வலமும் இடமுமாக இழுப்பார். வாளின் எடையே பாதி வேலையைச் செய்யும். கை நடுங்கினால் வளையம் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலியும், அப்படிப்பட்டது உரசும்போது உடையும். பல்லும் விரைவில் மழுங்குவதால் வாளை அடிக்கடி கூராக்க வேண்டியிருந்தது. இத்தனை நுணுக்கமான வேலை கால்விரலின் பிடியை நம்பி நடந்தது. பல தலைமுறைப் பயிற்சி இல்லாமல் இது கைவந்திருக்காது.

அறுத்த வளையத்தின் உட்பக்கம் கரடுமுரடாக இருக்கும். அதைச் சீராக்க, அரக்கில் மெல்லிய ஆற்றுமணலைப் பதித்த கதிர்வடிவ மரக்கோலை உள்ளே நுழைத்து உரசினர். வெளிப்பக்கத்தைத் தட்டைக் கல்லில் நீர் தெளித்துத் தேய்த்தனர். பிறகு அரத்தால் கோடும் பூவும் செதுக்கினர். கடைசி மினுக்கம் மிக நுண்ணிய பொடியால் வந்தது. நவீனப் பட்டறைகளில் நீர்த்த அமிலத்தில் ஒரு கணம் முக்கி எடுப்பதும் சேர்ந்துகொண்டது. முந்தைய கட்டம் விட்ட கீறலை அடுத்த கட்டம் அழிக்க வேண்டும், அந்தக் கட்டம் விடும் கீறல் இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதே இந்த வரிசையின் விதி. கீறல்கள் ஒளியைச் சிதறடிக்காத அளவுக்குச் சிறுத்த நிலையைத்தான் கண் மெருகு என்று காண்கிறது.

மரக்கோலில் அரக்கும் மணலும் சேர்ந்த இந்தச் சேர்மானத்துக்குத் தென்னிந்தியாவில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மணிகளை இழைப்போர் பயன்படுத்திய சாணைச் சக்கரம், குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வார்த்தது. குருந்தம் அலுமினியம் ஆக்சைடின் இயற்கை வடிவம். கடினத்தன்மை 9, வைரத்துக்கு அடுத்த இடம். நாமக்கல் அருகே சித்தம்பூண்டிப் பாறைகளில் அது கிடைக்கிறது. இன்று காரின் பெயின்ட் மேலுள்ள கீறலைப் போக்கும் கூட்டுப் பசைகளில் தேய்க்கும் பொடியாக இருப்பதும் பெரும்பாலும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். அதைத் தொழிற்சாலையில் உருவாக்குகிறார்கள். கார் வேலையில் ஒரே அச்சில் சுழலும் இயந்திரத்தைத் தேர்ந்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் ஒரே இடத்தில் சூடு ஏறி, 0.05 மி.மீ. அளவே உள்ள மேற்பூச்சு கருகலாம். சுழன்றுகொண்டே அதிரும் இயந்திரம் மெதுவானது, சூட்டைப் பரப்பிவிடும். பொருளின் கடினம், தாங்கும் சூடு, எவ்வளவு ஆழம் தேயலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றும் கருவியைத் தீர்மானிக்கும் என்பதைச் சங்குப் பட்டறை மின்சாரம் இல்லாத காலத்திலேயே கண்டிருந்தது. நீர் தெளித்துத் தேய்த்ததும் கோலைக் கையால் மெல்ல உருட்டியதும் அந்த அறிவின் விளைவுகள்.

இந்த வேலை கரையைவிட்டு ஏன் போனது? தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது காயலின் செழிப்பு. அதன் பிறகு பாண்டிய அரசு குலைந்தது. ஆனால் துறைமுகம் இடம்பெயர்ந்தால் பட்டறையும் கூடவே பெயர்ந்திருக்க முடியும். தேவை மாறியதுதான் வலுவான காரணம் என்று தோன்றுகிறது. சங்க காலப் பெண்டிர் கையில் இருந்த சங்கு வளையல் தமிழகத்தில் மெல்ல மறைந்து, கண்ணாடியும் உலோகமும் அந்த இடத்தைப் பிடித்தன. வங்காளத்தில் மணமான பெண்ணின் கையில் சங்கு வளையல் கட்டாய அடையாளமாக நிலைத்தது. அணிபவள் இருக்கும் ஊரில், அவள் கையின் அளவறிந்து இழைத்துக் கொடுப்பவன் தங்குவது இயல்பு. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் வெளியிட்ட நூலில் சங்கு வங்காளத்துக்குப் போவதையும் அங்கே வளையலாவதையும் குறிப்பிடுகிறார். அடுத்த நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, டாக்காவிலும் பாட்னாவிலும் ஆமையோட்டிலும் சங்கிலும் வளையல் செய்வோர் 2,000க்கு மேல் இருந்ததாக எழுதினார்.

1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கம்பெனிக்குச் சங்கு வங்காள வணிகத்துக்கு ஏற்ற சரக்கு. கரை நெடுகிலும் அதிகாரம் பலர் கையில் இருந்தது. கீழக்கரைப் பக்கம் ராமநாதபுரத்துச் சேதுபதி. தூத்துக்குடிக்குப் பின்னால் கரிசல் நிலத்தில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம். உள்நாட்டுப் பருத்தியும் துணியும் துறைமுகத்துக்கு வரும் வழிகள் பாளையங்களின் ஊடாகச் சென்றன. டச்சுக்காரருக்குப் பாளையக்காரரின் நட்பு அலங்காரமல்ல, தேவை. 1783இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் புல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது டச்சுக்காரருக்கும் அதன் பாளையக்காரர் கட்டபொம்மு நாயக்கருக்கும் இடையிலான உடன்படிக்கை கிடைத்ததாகக் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு கூறுகிறது. 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரையின் படை கோட்டையை மீண்டும் எழுப்பியது, தூத்துக்குடியையும் சிறிது காலம் கைக்கொண்டது. அந்த ஆண்டு மே மாதம் கோட்டை தரைமட்டமாயிற்று. கரைக்குப் பின்னால் தனித்துப் பேரம் பேசும் வலுவுள்ள தலைமை அத்துடன் இல்லாமல் போனது. 1825இல் தூத்துக்குடி நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் சங்கு அரசின் ஏகபோகம். நீண்ட காலம் குத்தகைக்கு விடப்பட்டது, பின்னர் அரசே நேரடியாக நடத்தியது. குளிப்பவர் எடுத்ததை எல்லாம் கிடங்கில் ஒப்படைத்து, ஒரு சங்குக்கு இவ்வளவு என்று குறித்த கூலியைப் பெற்றார். குறிப்பிட்ட விட்டத்துக்குச் சிறியவை உயிரோடு கடலுக்குத் திரும்பின; இனம் அழியாமல் காத்த நல்ல விதி இது. துளையிடும் கடற்பஞ்சும் புழுவும் அரித்த சங்கு மதிப்பிழந்தது, ஏனெனில் அந்தத் துளைகள் அறுத்தபின் வளையலின் முகத்தில் தெரியும். அழுகிய சதையின் நாற்றத்தோடு கிடங்கில் குவிந்த சங்கு, ஏலத்தில் வங்க வணிகர் கைக்குப் போய்க் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறியது. கரையில் தங்கியவை சிறுபயன்கள்: குழந்தைக்குப் பாலூட்டும் சங்கு, வெற்றிலைக்கான சுண்ணாம்பு, ஊதுசங்கு, அரிதாகக் கிடைத்துப் பெருவிலை பெற்ற வலம்புரி. ஏகபோகம் குளிப்பவருக்கு நிச்சயமான கூலி தந்தது உண்மை. ஆனால் சொந்தக் கரையிலேயே ஒரு பட்டறை வைத்து அறுத்துப் பார்க்க அவர் கையில் ஒரு சங்குகூட எஞ்சவில்லை.

1947 பிரிவினைக்குப் பிறகு டாக்காவின் சங்குத் தொழிலாளர் பலர் மேற்கு வங்கத்துக்குக் குடிபெயர்ந்தனர். 1971 மார்ச்சில் ஷங்காரி பஜார் தாக்கப்பட்டபோது எஞ்சியவர்களும் சிதறினர். மேற்கு வங்கத்துப் பட்டறைகளில் பிறைவாளின் இடத்தை மின்மோட்டாரில் சுழலும் வட்டவாள் பிடித்தது. மணற்கோலுக்குப் பதில் தேய்ப்புச் சக்கரம் வந்தது. அரக்கு ரெசினாகவும் ஆற்றுமணல் செயற்கைப் பொடியாகவும் மாறின. எட்வர்ட் அச்சிசன் 1891இல் அமெரிக்காவில் உருவாக்கிய சிலிக்கன் கார்பைடு இந்த மாற்றத்தின் தொடக்கம். தமிழகத்தில் 1954இல் முருகப்பா குழுமம் பங்கேற்றுத் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இத்தகைய பொருள்களைச் செய்யும் ஆலையானது. வேகம் கூடியது. கூடவே நுண்ணிய சங்குத் தூசும் காற்றில் கூடி, நீர் தெளிக்காத பட்டறைகளில் நெஞ்சுநோயைக் கொண்டுவந்தது.

தூத்துக்குடியில் குளிப்பவர்கள் மூச்சடக்குவதை விட்டு, படகிலுள்ள கம்ப்ரஸரின் குழாய்வழிக் காற்றில் நெடுநேரம் அடியில் இருக்கத் தொடங்கினர். அழுத்தம் சட்டென்று குறையும்போது வரும் முடக்கம் அவர்களில் பலரைத் தாக்கியது. ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் கன்னியாகுமரியிலும் சிப்பி, சங்கு அலங்காரப் பொருள் செய்வோர் அமிலத்தில் கழுவி, துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கின்றனர். வளையலுக்கான முதல்தரச் சங்கு மட்டும் இன்னும் வடக்கே வங்காளத்துக்கே செல்கிறது.