நெய்வேலி நகரியத்தில் வாடகைக் கார்த் தொழில்: மாத ஒப்பந்தமும் மின்சந்தையும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய வாடகைக் கார்த் தொழிலின் வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களை முன்வைத்தே எழுதப்பட்டு வருகிறது. நிறுத்தத்தில் காத்திருக்கும் டாக்சி, தொலைபேசியில் அழைக்கப்படும் கால் டாக்சி, கைப்பேசிச் செயலி ஆகிய மூன்று கட்டங்களாக அவ்வரலாறு வகுக்கப்படுகிறது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் குடியிருப்பு நகரான நெய்வேலிக்கு இவ்வகைப்பாடு பொருந்தி வரவில்லை. அங்கு ஒரே நிறுவனம் நில உரிமையாளராகவும், வேலை வழங்குநராகவும், கார்களை வாடகைக்கு எடுக்கும் மிகப்பெரிய தனி வாடிக்கையாளராகவும் விளங்குகிறது. அந்நகரில் இத்தொழிலை மாற்றிய எண்ணிமத் தளம் பயணியின் செயலியன்று, அரசின் மின்சந்தையே என்பதையும், ஓட்டுநரின் சட்ட நிலை குறித்த சிக்கல் செயலிகளுக்கு முந்தியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, நகரியம், வாடகைக் கார், மாத ஒப்பந்தம், மின்சந்தை, செயலி, ஓட்டுநர்

முன்னுரை

ஓலா 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஊபர் 2013இல் பெங்களூரு வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 2015இல் டாக்சி ஃபார் ஷ்யூர் நிறுவனத்தை ஓலா விலைக்கு வாங்கியது. இவ்வாண்டுகளை மைல்கற்களாகக் கொண்டு எழுதப்படும் ஆய்வுகள், முன்பின் அறியாத பயணியையும் ஓட்டுநரையும் ஒரு செயலி இணைத்து வைக்கிறது என்னும் அடிப்படையில் நிற்பவை. பயணிகள் எண்ணற்றவர்களாய்ச் சிதறிக் கிடக்கும் ஊருக்கு இது பொருந்தும். காரை வாடகைக்கு எடுப்பவர் யார் என்பது ஊரறிந்த செய்தியாக இருக்கும் இடத்தில் இந்த இணைப்புக்கு என்ன தேவை இருக்கிறது? தொழில் நகரியங்களின் போக்குவரத்து வரலாறு இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். பிலாய், ரூர்கேலா, நெய்வேலி எனச் சுதந்திர இந்தியாவின் முதல் பத்தாண்டுகளில் உருவான பொதுத்துறை நகரியங்கள் தொழிலாளர் வரலாற்றில் பெற்ற கவனத்தைப் போக்குவரத்து வரலாற்றில் பெறவில்லை.

நகரியமும் நடமாட்டமும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்னுற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் அருகே, எண்ணிடப்பட்ட வட்டங்களாக நகரியம் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. நிலம், வீடு, சாலை, குடிநீர், மருத்துவமனை, கடைத்தெரு யாவும் நிறுவனத்தினுடையவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கு வாழ்ந்தோர் ஒரு லட்சத்தைச் சற்றே கடந்திருந்தனர்.

இத்தகைய நகரில் அன்றாடப் பயணம் என்பது பெரும்பாலும் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடைப்பட்டது. அதன் நேரத்தை மூன்று ஷிப்டுகள் முடிவு செய்கின்றன. ஷிப்ட் நேரத்துக்கு நிறுவனப் பேருந்து உண்டு. குறுந்தொலைவுக்குச் சைக்கிளும், பின்னர் இருசக்கர ஊர்தியும் போதுமானவையாக இருந்தன. எனவே நகருக்குள் டாக்சிக்கான தேவை தொடக்கம் முதலே குறைவு. கார் தேவைப்பட்டது நகரியத்தை விட்டு வெளியே செல்வதற்கே. விரைவு ரயில்கள் நிற்கும் விருத்தாசலம் சந்திப்பு, உயர் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர், தைப்பூசத்துக்கு வடலூர், விமானத்துக்குச் சென்னை என அப்பயணங்களின் திசைகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. பணி நிமித்தம் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோர் சொந்த ஊர் சென்று திரும்புவதும் இவற்றோடு சேரும்.

டாக்சி நிறுத்தம் என்னும் அமைப்பும் இங்குச் சற்று வேறுபட்டது. பிற ஊர்களில் நிறுத்தத்துக்கான இடம் உள்ளாட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது. சங்கப் பலகையும் கொடிக்கம்பமும் நட்டுவிட்டால் அது நாளடைவில் உரிமையாக மாறும். நகரியத்துக்குள் அத்தகைய வழக்குரிமை எளிதில் உருவாவதில்லை. நிற்கும் இடமே நிறுவனத்தின் நிலம் என்பதால், காரோட்டியின் முதல் உறவு பயணியோடு அமைவதற்கு முன்பே நிறுவனத்தோடு அமைந்துவிடுகிறது.

சட்டம் கண்ட வாடகைக் கார்

1939ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் வாடகைக் காரை ஒப்பந்த ஊர்தி என்னும் வகையில் வைத்தது. வழித்தடமும் நிறுத்தமும் வரையறுக்கப்பட்ட பேருந்தைப் போலன்றி, முழு வண்டியையும் ஓர் உடன்பாட்டின்கீழ் ஒருவர் அமர்த்திக்கொள்வதே இதன் இலக்கணம். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விலக்கணத்தைத் தொடர்ந்தது. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேர் வரை ஏற்றும் ஊர்தி மோட்டார் கேப், ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை ஏற்றுவது மேக்சி கேப் என அச்சட்டம் பிரித்தது. பெர்மிட் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சாதாரணமாக மறுக்கலாகாது என்னும் அதன் விதி, முந்தைய கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. உடன்பாடு எத்தனை காலத்துக்கு என்பதைப் பற்றிச் சட்டத்தின் வரையறை அக்கறை கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் அமர்த்தலாம், ஓராண்டுக்கும் அமர்த்தலாம். நெய்வேலியில் வேரூன்றிய மாத வாடகை முறைக்கு இந்த நெகிழ்வே இடமளித்தது.

கார்களின் வரவும் சேர்ந்தே நிகழ்ந்தது. நகரியம் உருவான அதே காலத்தில், 1950களின் இறுதியில், சந்தைக்கு வந்த அம்பாசிடரே நெடுங்காலம் வாடகைக் காரின் மறுபெயராக இருந்தது. உரிம முறையின்கீழ் கார் உற்பத்தி குறைவாக இருந்த நாளில் ஒரு கார் வைத்திருப்பவர் சிறுமுதலாளியாகவே மதிக்கப்பட்டார். 1994இல் டாடா சுமோவும் 1998இல் டீசலில் ஓடும் டாடா இண்டிகாவும் வந்தன. வங்கிக் கடனும் நிதி நிறுவனக் கடனும் பெருகின. மாதந்தோறும் டியூ கட்டி வண்டியைத் தனதாக்கிக்கொள்ள ஓட்டுநரே முனையத் தொடங்கினார். டியூ மாதந்தோறும் வரும். சவாரி அப்படி வருவதில்லை. மாத ஒப்பந்தத்தின் கவர்ச்சி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மாத வாடகையின் கணக்கு

அதிகாரிகளின் பயணம், சுரங்க மேற்பார்வை, பராமரிப்புக் குழுக்களின் நடமாட்டம் போன்றவற்றுக்குப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் சொந்த ஊர்திகளைக் குறைத்து, வாடகை ஊர்திகளை ஒப்பந்தப்புள்ளி வழியாக அமர்த்துகின்றன. மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், மிகுந்தால் கூடுதல் வீதம், வண்டியின் வயது வரம்பு, மஞ்சள் பலகைப் பதிவு, ஓட்டுநருக்கான வருங்கால வைப்புநிதி ஆகியவை இவ்வொப்பந்தங்களின் வழக்கமான கூறுகள். நாள்தோறும் டிரிப் ஷீட் எழுதப்பட்டு, பயன்படுத்திய அதிகாரியின் கையொப்பம் பெறப்படுகிறது.

2016 ஆகஸ்டில் அரசு மின்சந்தை தொடங்கப்பட்டபின் இம்முறை புதிய வடிவம் பெற்றது. ஜெம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இத்தளத்தில் மாதாந்திரக் கார் வாடகை தனியொரு சேவை வகையாகவே இடம்பெற்றுள்ளது. நெய்வேலி நிறுவனமும் தன் தேவைகளை இதில் வெளியிடுகிறது. மாதம் 2,000 கி.மீ., 320 மணி நேரம் என்பது போன்ற அளவுகள் தளத்தின் தெரிவுப் பட்டியலிலேயே தரப்படுகின்றன. இவ்வெண்ணைச் சற்று நின்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. மாதம் 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் எனக் கொண்டால் வருவது 208 மணி. 320 மணியை ஒரே ஓட்டுநர் ஈடுகட்டினால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் பணியில் இருக்க வேண்டும். இரண்டு ஓட்டுநர்களை அமர்த்தினால் உரிமையாளருக்கு மிஞ்சுவது சிறிதே. விடுப்பு நாளில் ஆக்டிங் டிரைவருக்குத் தரும் சம்பளமும் அவர் கையிலிருந்தே போகிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே உரியது. ஒன்றிரண்டு கார்களை வைத்திருக்கும் உரிமையாளர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார். பெரிய ஒப்பந்ததாரர் பலரிடமிருந்து வண்டிகளைத் திரட்டித் தரும்போது, அவற்றின் ஓட்டுநர்கள் யாருடைய தொழிலாளர்கள் என்பதும் தெளிவற்றுப் போகிறது. சட்டம் சிறுவுடைமையாளரைக் காக்க எண்ணி விட்ட விலக்கு, அவரிடம் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பின்மையாக முடிந்தது எனலாம்.

விலை நிர்ணயத்தில் செயலிக்கும் மின்சந்தைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. செயலியில் தேவை மிகும்போது கட்டணம் உயரும். மின்சந்தையின் எதிர்ஏலத்தில் ஒப்பந்ததாரர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவரினும் ஒருவர் குறைத்துக் கேட்கின்றனர். முன்னது விலையை மேல்நோக்கி நகர்த்தும் கருவி. பின்னது கீழ்நோக்கி நகர்த்தும் கருவி. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் எரிபொருள் விலை நாள்தோறும் மாறலாயிற்று. ஒப்பந்தக் காலம் முழுமைக்கும் விலை கூறிவிட்ட ஒருவருக்கு இம்மாற்றத்தின் பொருள் என்ன என்பது, விலையேற்றத்தை ஈடுசெய்யும் கூறு ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.

இவ்விரு சந்தைகளிலும் வலியவர் யார் என்பதை வரிச்சட்டம் அறிந்திருக்கிறது என்பது சுவையான செய்தி. செயலி வழியான பயணிகள் போக்குவரத்துக்குச் சரக்கு, சேவை வரியைச் செலுத்தும் பொறுப்பு ஓட்டுநரை விட்டுத் தளத்தின்மேல் சுமத்தப்பட்டுள்ளது. 2019 அக்டோபர் 1 முதல், கம்பெனி அல்லாத உரிமையாளர் ஒரு கம்பெனிக்குக் காரை வாடகைக்கு விடும்போது, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாடகைக்கு எடுக்கும் கம்பெனியே வரியைச் செலுத்த வேண்டும் என ஆயிற்று. வரி வசூலுக்குப் புலப்பட்ட இவ்வுண்மை தொழிலாளர் சட்டத்துக்குப் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று.

செயலியின் எல்லை

செயலிச் சந்தை சவாரிகளின் அடர்த்தியால் வாழ்வது. ஒரு சவாரி முடியும் இடத்துக்கு அருகிலேயே அடுத்தது கிடைத்தால்தான் குறைந்த கட்டணம் ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகும். நெய்வேலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 200 கி.மீ. பயணியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் 200 கி.மீ.க்கும் எவரேனும் பணம் தந்தாக வேண்டும். அதனால்தான் இருவழித் தூரக் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஆகிய பழைய வழக்கங்கள் சிறுநகரங்களில் நிலைத்தன. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் பெருகியுள்ள ஒருவழி டிராப் டாக்சி நிறுவனங்கள் திரும்பும் பயணத்தையும் விற்க முயல்கின்றன. அத்தகைய சவாரி கிடைக்காத நாளில் இழப்பு ஓட்டுநரையே சேர்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான ஓன் போர்டு கார்கள் வாடகைக்கு ஓடுவதும் வரியும் பெர்மிட்டும் கட்டுவோரின் நெடுநாள் முறையீடு.

மைய அரசு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் செயலி நிறுவனங்களை மோட்டார் ஊர்திச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2020 நவம்பரில் வெளியான நெறிமுறைகள் நெரிசல் நேரக் கட்டணத்தை அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்குள் வரையறுத்தன. கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்றும் கூறின. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறைகள் அவ்வரம்பை இரு மடங்காக உயர்த்தின. மாத ஒப்பந்தத்தில் வாடகையின் எத்தனை பங்கு ஓட்டுநரைச் சேர வேண்டும் என்பது பற்றி இந்நெறிமுறைகள் பேசவில்லை. அது அவற்றின் பொருளும் அன்று.

தொழிலாளியா, தொழில்முனைவோரா

2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் எனத் தீர்ப்பளித்தது. இது உலகெங்கும் புதிய வினாவாகப் பேசப்பட்டது. நெய்வேலிக்கு இவ்வினா பழையது. ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல், ஒழித்தல்) சட்டம் 1970இல் வந்தது. ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டால் அத்தொழிலாளர் முதன்மை நிறுவனத்தின் ஊழியராகத் தாமாகவே ஆகிவிடுவதில்லை என 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிரந்தரமாக்கலையும் ஊதிய உயர்வையும் முன்வைத்து 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தங்களை நடத்தினர். சுரங்கத்துக்கு நிலம் தந்த குடும்பங்களின் முதன்மைக் கோரிக்கையும் நிரந்தர வேலையே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற நிலத்தில் கால்வாய்ப் பணி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பிலும் அக்கோரிக்கை ஒலித்தது. இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, நிறுவனத்துக்குக் கார் ஓட்டுபவர் நகரியத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் வரிசையிலேயே அடங்குவார். சக்கரத்தின்மேல் அமர்ந்திருப்பதால் அவர் தொழில்முனைவோர் ஆகிவிடுவதில்லை.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தளம்சார் தொழிலாளர் என்னும் வகையை முதன்முறையாக மைய அரசின் சட்டத்தில் சேர்த்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டு டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. சேவையை வாங்குபவரையும் விற்பவரையும் எண்ணிம வழியில் இணைக்கும் இடையீட்டாளரே திரட்டுநர் என்பது மையத் தொகுப்பின் வரையறை. சொல்லளவில் மின்சந்தையும் இதற்கு நெருங்கியே வருகிறது. ஆனால் செயலியில் பதிவு பெற்றிருப்பவர் ஓட்டுநர். மின்சந்தையில் பதிவு பெற்றிருப்பவர் ஒப்பந்ததாரர். ஏலத்தில் விலை குறையும்போது திரையில் ஓட்டுநரின் பெயர் இல்லை. அவர் பெயர் ஒப்பந்தம் முடிவான பிறகு, டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரும் மணியும் எழுதப்படும் கட்டத்துக்குப் பக்கத்தில்தான் இடம்பெறுகிறது.