நடப்பதா, படுப்பதா?

மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் சென்று மின்ரயில் ஏறினால், குரோம்பேட்டைக்கு அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வரும். நம்மில் பலருக்கு அது இறங்கும் இடத்தின் பெயர், அவ்வளவே. ஆனால் நோயுற்ற உடல் நடமாட வேண்டுமா, ஓய்ந்து கிடக்க வேண்டுமா என்று ஏறத்தாழ நூறாண்டுகள் நடந்த ஒரு வழக்கின் சுவடு அப்பெயரில் இருக்கிறது. அவ்வழக்கின் தீர்ப்பு சென்னையில்தான் எழுதப்பட்டது.

காசநோய்க்கு மருந்தில்லாத 19ஆம் நூற்றாண்டில், ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் தம் நோயாளிகளை மலைப்பாதைகளில் நடக்கவைத்தார். இதயம் வலுப்பெற்றால் நுரையீரல் தேறும் என்பது அவர் கணக்கு. அவரிடமே சிகிச்சை பெற்று, அவருக்கே உதவியாளராக இருந்த டெட்வைலர், 1876இல் ஃபால்கன்ஸ்டைனில் தனி நிலையம் கண்டபோது இதற்கு நேரெதிராகச் செய்தார். அங்கே நோயாளிகள் தாழ்வாரத்துச் சாய்வு நாற்காலிகளில் மணிக்கணக்கில் அசையாது கிடந்தார்கள். இங்கிலாந்தின் ஃப்ரிம்லியில் மார்க்கஸ் பேட்டர்சன் மறுபடியும் உழைப்பின் பக்கம் திரும்பினார். முதலில் நடை, பிறகு மண்கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி என்று படிப்படியாக வேலை தந்தார். காய்ச்சல் ஏறினால் மட்டும் உடனே படுக்கை. அங்கே வெப்பமானியே நீதிபதி.

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் நிறுவிய டாக்டர் டேவிட் சௌரி முத்து, அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே சில காலம் நோயாளியாக இருந்தார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதையே பிற்கால மருத்துவர்கள் ஐயுற்றிருக்கிறார்கள். நோய் இன்னதென்று உறுதியாகாமலே ஓய்வையும் உழைப்பையும் விதித்த காலம் அது.

புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மறைந்தார். ஐசோநியாசிட் மருந்து 1952இல் புழக்கத்துக்கு வந்தது. நான்கே ஆண்டுகள். மருந்து வந்த பின்னும் பழைய கேள்வி ஓயவில்லை. ஒரு வருடம் படுத்துக் கிடக்க வேண்டும் என்றால், அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீடு என்ன செய்யும்? இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சொற்பம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் வழிகாட்டலில் 193 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினர் சானடோரியம் சென்றனர், மறுபாதியினர் வீட்டிலேயே இருந்தனர். இரு தரப்புக்கும் ஐசோநியாசிட், பாஸ் எனும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தோர் நெரிசலான குடிசைகளில் குறைவாக உண்டு, சீக்கிரமே வேலைக்கும் வீட்டுப்பாட்டுக்கும் திரும்பினார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஆண்டிறுதியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு இடைவெளியும் இல்லை. நோய் தணிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1966இல் வந்த ஆய்வு, உடலுழைப்பினால் நோய் திரும்பவில்லை என்றது. காத்தது மருந்து. வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்த மையத்தின் கண்காணிப்பும் அதில் சேரும். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

இதை ‘நோயோடு உழைக்கலாம்’ என்ற பொதுவிதியாக வாசித்துவிடக் கூடாது. சரியான மருந்து உள்ளே வேலை செய்யும்போது, ஒரு குறிப்பிட்ட நோய்க்குக் கிடைத்த விடை இது. காய்ச்சலும் உடல்வலியும் உள்ளபோது கடும் பயிற்சி ஆகாது என்றே இன்றைய மருத்துவமும் சொல்கிறது. வைரஸ் தொற்றில் சில வேளை இதயத்தசையும் அழற்சி காணும். பேட்டர்சனின் கோட்பாடு போய்விட்டது, அவருடைய வெப்பமானி நிலைத்துவிட்டது.

ஆயினும் என்னை நெகிழ்விப்பது வேறொன்று. அறிஞர்கள் இரு கட்சியாய் நின்று வாதாடிய வழக்கில், ஓய்வெடுக்க வசதியில்லாத சென்னைக் குடிசைவாசிகள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் அச்சாகவில்லை. தீர்ப்பு மட்டும் உலகத்துக்கே பயன்பட்டது.