பருத்திக்காட்டின் வாக்கு: மிசிசிப்பி இரண்டாம் தொகுதி

அமெரிக்க நாடாளுமன்றத்தில் தனித்தொகுதி என்ற ஏற்பாடு கிடையாது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஓரிடத்தில் அடர்த்தியாக வாழ்ந்தாலும், தொகுதியின் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே அவர்களின் வாக்குக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். இதை விளங்கிக்கொள்ள மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டாம் தொகுதியைப் பார்க்கலாம்.

மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளியை 'டெல்டா' என்கிறார்கள். தொகுதியின் மையம் அதுதான். அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. கறுப்பின மக்கள் அதே பருத்திக்காட்டில் பங்குக் குத்தகைக்காரர்களானார்கள். விதையும் அரிசி பருப்பும் முதலாளியின் கடையில் கடன், அறுவடை முடிந்ததும் கணக்கு எழுதுவதும் அதே முதலாளி. நம் பண்ணையாள் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் வாக்குரிமை இருந்தது. ஜான் லிஞ்ச் என்ற கறுப்பினத்தவர் 1872-லேயே மிசிசிப்பியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிறகு வந்தது 1890-ன் மாநில அரசமைப்புச் சட்டம். தலைவரி கட்டியிருக்க வேண்டும், அரசமைப்பின் ஒரு பிரிவைப் படித்தோ கேட்டோ பொருள் சொல்ல வேண்டும் என்றது. 'கறுப்பர்' என்ற சொல்லே அதில் வேண்டியிருக்கவில்லை. சொன்ன விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்தவர் வெள்ளை அதிகாரி, அது போதாதா?

ஃபேனி லூ ஹேமர் அம்மா இந்த மண்ணின் குத்தகைக்காரர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலாவுக்குப் பேருந்தில் போன 18 பேரில் அவரும் ஒருவர். தேர்வில் தோற்கடிக்கப்பட்டார். திரும்பும் வழியில் பேருந்தின் மஞ்சள் நிறம் சரியில்லை என்று சொல்லி போலீஸ் அபராதம் போட்டது. (சிரிப்பு வரும்தான், ஆனால் சட்டத்தின் பெயரால் நடந்தது.) அன்றிரவே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அடித்த அடி அவர் உடலை விட்டுக் கடைசிவரை போகவில்லை. 1964-ல் இரண்டாம் தொகுதியில், விவசாய நிதியைக் கையில் வைத்திருந்த ஜேமி விட்டனை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நின்றார். கிடைத்தது 621 வாக்குகள். அன்று மாநிலத்தில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள்.

1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் இரண்டே ஆண்டில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. மாநில சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? 1966-ல் டெல்டாவையே துண்டு துண்டாக வெட்டிப் பல தொகுதிகளில் சேர்த்தது. வாக்கை மறுக்க முடியாதபோது கரைத்துவிடுவது. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசும் நம் தோழர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்குகளுக்குப் பின் எண்பதுகளில்தான் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி மீண்டும் உருவானது. அப்போதும் 1982, 1984 இரண்டிலும் ராபர்ட் கிளார்க் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். மக்கள்தொகையில் பெரும்பான்மை என்பதும் வாக்குச்சாவடியில் பெரும்பான்மை என்பதும் ஒன்றல்ல. வாக்களிக்கும் வயதினரின் கணக்கு வேறு, முதலாளியின் வீட்டில் குடியிருப்பவரின் பயம் வேறு. 1986-ல் மைக் எஸ்பி வென்றார், லிஞ்சுக்குப் பிறகு மாநிலத்தின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர். 1993 முதல் பென்னி தாம்சன் தொடர்ந்து வெல்கிறார்.

வாக்கு வந்தது, வயிறு? பருத்தி பறிக்கும் இயந்திரம் 1940-களிலேயே வந்து கூலிகளை வெளியேற்றிவிட்டது. லட்சக்கணக்கானோர் சிகாகோ போன்ற நகரங்களுக்குப் போனார்கள். பருத்தி இருந்த இடத்தில் பெரும்பகுதி இன்று சோயா, கெளுத்திமீன் குளங்கள். 1990-ல் இண்டியனோலாவின் மீன் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். நாட்டின் மிக ஏழ்மையான தொகுதிகளில் ஒன்றாகவே இது நீடிக்கிறது.

1890-ன் இன்னொரு பிரிவும் நீடிக்கிறது. சில குற்றங்களில் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுக்க வாக்கிழப்பார். அன்றைய பட்டியலில் திருட்டு இருந்தது, கொலை இல்லை. கறுப்பினத்தவர் செய்வார்கள் என்று அவர்கள் நினைத்த குற்றங்களைப் பொறுக்கி எடுத்த பட்டியல் அது. கொலை 1968-ல்தான் சேர்ந்தது. 2024-லும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஹேமர் அம்மாவின் சன்ஃபிளவர் மாவட்டத்தில்தான் மாநிலத்தின் பார்ச்மன் சிறையும் இருக்கிறது.