ஏரி வாரியமும் வெள்ள நீரும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள கட்டுரைகள் பல. முதற் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்றவை அவ்விரு சாசனங்கள். வெங்கையா அவற்றை ஆராய்ந்து 1904-05 ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெளியிட்ட நாள்தொட்டு, அறிஞர் கருத்துப் பெரிதும் குடவோலை முறையின்மீதே சென்றது. ஓலையிற் பெயர் எழுதியதும், அதனைக் குடத்தில் இட்டதும், சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்ததும் பலகாலும் விளக்கப்பட்டன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்றோர் ஆற்றிய பணி யாது என்னும் வினாவோ அத்துணை ஊன்றி நோக்கப்படவில்லை. அப்பணிகளுள் தலையாய ஒன்று ஏரி காத்தல். ஈண்டு அவ் ஏரி வாரியத்தை எடுத்துக்கொண்டு, நீரைத் தேக்குதலும் வெள்ளத்தை விலக்குதலும் ஒரே கையில் இருந்த நிலை யாது என்பதையும், அந்நிலை பிற்காலத்து எவ்வாறு சிதைந்தது என்பதையும் காண முற்படுகின்றோம்.

ஏரியின் இயல்பு

பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் அணித்தாய பகுதி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிவது. அச்சரிவிற்குக் குறுக்கே மண்கரை எழுப்பினால் மழைநீர் தேங்கும். கரையின் அடியில் அமைந்த மதகும் தூம்பும் வயலுக்கு நீர் விடுவன. கரையின் ஒரு கோடியில் அமைந்த கலிங்கு, ஏரி கொள்ளாத நீரை வெளியேற்றுவது. ஓர் ஏரியின் கலிங்கு வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதன் மிகுநீர் அதற்கடுத்த ஏரியைச் சேரும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டிருத்தலின், ஓர் ஊரின் வெள்ளம் மற்றோர் ஊரின் விளைவாகின்றது.

இவ்வமைப்பில் ஓர் இயல்பான முரண் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓயுங் காலத்தில் நீரைக் கூடுதலாகத் தேக்க விரும்பும் உழவர், கலிங்கின்மேல் நாட்டிய கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவர். அஃது ஏரியின் உள்வாயில் உள்ள மேட்டு நிலங்களை மூழ்கடிக்கும். பெருமழை மீண்டும் பெய்தால் கரையையே உடைக்கும். கீழூருக்கு வரவேண்டிய நீரையும் தடுக்கும். எப்பொழுது அடைப்பது, எப்பொழுது அடைப்பை நீக்குவது என்னும் முடிவு ஓர் இரவுக்குள் செய்யப்பட வேண்டியது. ஆதலின் பாசனமும் வெள்ளக் காப்பும் இரு வேறு தொழில்கள் அல்ல. ஒரு தொழிலின் இரு முகங்களே ஆகும்.

வாரியத்தின் அமைப்பு

இத்தொழிலை உத்தரமேரூர்ச் சபை அறுவர் கொண்ட ஏரி வாரியத்திடம் ஒப்படைத்தது. 30 குடும்புகளிலிருந்து ஆளுக்கொருவராக 30 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அவர்களுள் முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தோர், கல்வியில் மூத்தோர், வயதில் மூத்தோர் ஆகியோரிலிருந்து சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர் கொள்ளப்பட்டனர். எஞ்சியோருள் 12 பேர் தோட்ட வாரியத்தையும், 6 பேர் ஏரி வாரியத்தையும் சேர்ந்தனர். இவ் வரிசைமுறை கருதத்தக்கது. ஏரியின் பொறுப்பை ஏற்றுப் பழகியவரே ஊரின் ஆண்டுப் பொறுப்பிற்கு முதற்கண் உரியராயினர். ஏரி வாரியம் ஊராட்சிக்குப் பயிற்சிக் களமாகவும் விளங்கிற்று எனல் மிகையாகாது.

வாரியத்தின் காலம் 360 நாள். குற்றம் கண்டவிடத்து உறுப்பினர் அப்பொழுதே நீக்கப்பட்டார். கடந்த மூன்று ஆண்டுகளுள் எவ்வாரியத்திலேனும் இருந்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவரேயன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். அவன் கணக்கை முடிக்கப் பிறனொருவனை அழைத்தல் ஆகாது. இவ்விதிகளையெல்லாம் ஒருங்கு நோக்குங்கால், சபையின் கவலை யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதினும், தேர்ந்தெடுக்கப்பட்டவரை எவ்வாறு கணக்கிற்கு உட்படுத்துவது என்பதிலேயே மிகுதியாக இருந்தமை புலனாகும்.

பொருளும் நிலமும்

பொறுப்பு மட்டும் அளித்துப் பொருள் அளியாதிருந்தால் ஏரி தூர்ந்திருக்கும். உத்தரமேரூரின் பேரேரியாகிய வயிரமேக தடாகம், பல்லவன் தந்திவர்மனின் சிறப்புப் பெயரால் அமைந்தது என்பர். அதனைத் தூர்வாரிப் பேணுதற்கு வைத்த அறக்கட்டளைகளை அவ்வூர்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஏரி ஆயம் என்னும் வரியும், ஏரிப்பட்டி என்னும் மானிய நிலமும் இவ்வகையினவே. ஓடம் விட்டு ஏரி வண்டலை வாரிக் கரையிற் கொட்டுவதற்கென முதல் வைத்த செய்தியும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. வண்டல் வாரினால் கொள்ளளவு பெருகும். வாரிய மண் கரைக்கு வலுவூட்டும். பாசனத்திற்கும் காப்பிற்கும் ஒரே செலவு பயன்பட்டது.

நிலக் கணக்கிலும் நீருக்கு இடம் இருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் மொத்த நிலத்தை அளந்து கூறியபின், ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே இறை விதித்தன. பிற்காலத்து வருவாய்க் கணக்கிற் பயின்ற புறம்போக்கு என்னும் சொல்லும் இம்மரபை ஒட்டியதே: வரிக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். இன்று அச்சொல் பேச்சு வழக்கில் வசைமொழியாகவும், பயனற்ற நிலம் என்னும் பொருளிலும் வழங்குதல், நீர் நிற்கும் இடத்தைப் பற்றிய மதிப்பு வீழ்ந்ததற்குச் சொல்லே பகரும் சான்றாகும்.

வாரியத்தின் எல்லை

இம்முறையைப் பழங்காலக் குடியாட்சி எனப் புகழ்வார் உளர். அது முழுதும் பொருந்தாது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையோரே உறுப்பினராதற்கு உரியர். நிலம் குறைந்தோருக்குக் கல்வி மிகுதி கருதிச் சிறிது நெகிழ்ச்சி காட்டப்பட்டதேனும், பிரமதேயச் சபையின் வாயில் உழுகுடிகளுக்கும் பெண்டிர்க்கும் திறக்கப்படவில்லை. கரையில் மண் சுமந்தோர் பெயர் ஓலையில் ஏறியதில்லை. ஆகவே நாம் போற்றத்தக்கது அதன் உறுப்பினர் தகுதி அன்று. பொறுப்பு, பொருள், கணக்கு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்த அதன் கட்டுக்கோப்பே ஆகும்.

கட்டுக்கோப்பின் சிதைவு

1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில் நடத்திய அளவைக் கணக்குகளில், விளைச்சலின் ஒரு பங்கு ஏரிக்கென ஒதுக்கப்பட்டமை காணப்படுகின்றது. பின்னர் வந்த இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவனிடமிருந்தும் நேரே தீர்வை கொண்டது. ஊரின் பொதுப் பங்கு சுருங்கிற்று. ஏரியைப் பேணும் கடமை மட்டும் ஊரின்மேல் நின்றது.

அக்கடமையை அரசு 1858 ஆம் ஆண்டின் சென்னை முதற் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றது. கரை உடையும் இடர் நேருங்கால் உழைக்கும் வகுப்பாரை அழைத்து வேலை வாங்க ஊர்த் தலைமை அலுவலர்க்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. வழக்கப்படி செய்யவேண்டிய குடிமராமத்தில் தவறியவர், அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. ஒரு காலத்தில் சொந்த வருவாயோடு கூடிய பொறுப்பாக இருந்தது, இப்பொழுது தண்டத்தோடு கூடிய கட்டாயமாயிற்று. பணி செய்வோர் ஊரார். முடிவு செய்வோர் வேற்றிடத்தார். குடிகளின் சோம்பலால் குடிமராமத்து அழிந்தது என்னும் கூற்று இவ்வேறுபாட்டை மறைப்பதாகும். பெரும் பஞ்சத்திற்குப் பின் 1883 இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டதே சட்டத்தின் குறைவை உணர்த்தும்.

விடுதலைக்குப் பின் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித் துறையிடமும் நின்றன. 2021 இல் நீர்வளத் துறை தனித்துறையாயிற்று. தமிழ்நாட்டில் 39,000 க்கு மேற்பட்ட ஏரிகள் உள. ஒரே சங்கிலியில் மேலேரி ஒருவர் பொறுப்பு, கீழேரி மற்றொருவர் பொறுப்பு, இடைப்பட்ட வாய்க்கால் நிலம் வருவாய்த் துறையின் பதிவில் என்னும் நிலை நேர்ந்தது. 1992 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73 ஆம் திருத்தம் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிகளுக்கு உரியன எனப் பதினோராம் அட்டவணையில் வைத்தது. எனினும் அட்டவணையில் இடம் பெறுதல் வேறு. மதகின் திறவுகோலைப் பெறுதல் வேறு.

இதன் விளைவு 2015 திசம்பர்த் திங்களிற் சென்னையில் வெளிப்பட்டது. அடையாறு, காஞ்சிபுரம் செங்கல்பட்டுப் பகுதி ஏரிகள் பலவற்றின் மிகுநீரைச் சுமப்பது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் விடப்பட்டதைப் பற்றியே வாதம் மிகுந்தது. ஆற்றின் இருகரையிலும் வெள்ளம் பரவுதற்குரிய படுகை நிலம் மனைகளாகியிருந்தமையும், மேலுள்ள சிற்றேரிகளின் கலிங்குகளும் வாய்க்கால்களும் தூர்ந்திருந்தமையும் அவ்வாதத்திற் பின்தங்கின. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007 இலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் இல்லாமை அன்று, அதனை நாள்தோறும் காக்கும் உள்ளூர்க் கண் இல்லாமையே குறை.

முடிவு

2017 இல் குடிமராமத்து என்னும் பெயரில் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1971 இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் பெயரில் பழைய வாரியச் சொல் மீண்டது. சொற்கள் திரும்பிவிட்டன, பொருள் திரும்பவில்லை. கல்வெட்டின் வாரியம் 360 நாளில் கலைந்து கணக்குக் காட்டிய அறுவர் குழு. இன்றைய வாரியம் நிலையான நிறுவனம். பழமைக்கு மீளவேண்டும் என்பது எம் கருத்தன்று; வேலியும் வேதமும் தகுதியாக நின்ற காலத்திற்கு மீளுதல் இயலாது, கூடாது. ஆயின் ஏரிக்கரையின் கீழ் வாழ்வோர் அனைவரும் அமரும் ஊர்மன்றத்திற்கு, ஏரி வருவாயும், கலிங்கைப் பற்றிய முடிவும், கணக்குக் காட்டும் கடமையும் ஒருங்கே அளிக்கப்பெறின், அந்த 10 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுத் தேர்தல் வரலாற்றின் பெருமைச் சான்றாக மட்டும் நில்லாமல், நீராட்சியின் நூலாகவும் பயன்படும். கல்வெட்டாய்வு இனி அத்திசையிலும் செல்லுதல் வேண்டும்.